வெயில் மேல் போட்ட பழி

தென்மாவட்டத்து மானாவாரிப் பூமியில் நின்றுகொண்டு தேனீ வளர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். "இந்த வெயிலுக்கு ஈ தங்குமா? செத்துப்போகும், இல்லாட்டி ஓடிப்போகும்" என்று உடனே பதில் வரும். சொல்பவர் விவசாயியாக இருக்கலாம், வங்கியில் கடன் மனுவைப் பார்ப்பவராக இருக்கலாம், படித்த இயற்கை ஆர்வலராகவும் இருக்கலாம். மூவருக்கும் இதில் கருத்து வேற்றுமை கிடையாது. தேன் என்றால் மலை. கொடைக்கானல், கொல்லிமலை, போனால் போகிறதென்று குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டம். விளாத்திகுளத்திலும் முதுகுளத்தூரிலும் பெட்டி வைப்பது காசைக் கரியாக்கும் வேலை.

இந்த எண்ணம் இன்று நேற்று முளைத்ததும் இல்லை. திணை பிரித்தவர்களே தேனெடுக்கும் தொழிலைக் குறிஞ்சிக்கு எழுதிவைத்துவிட்டார்கள்; பாலைக்குக் கிடைத்தது வழிப்பறியும் சூறையாடலும். அது கவிதைக்கான ஒழுங்கு, வேளாண்மைக் கையேடு இல்லை. ஆனாலும் அந்தப் பாகப்பிரிவினை நம் மண்டையில் அப்படியே தங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், உழாமலே விளையும் நான்கு பொருள்களில் ஒன்றாகத் தேனைச் சேர்த்துக் கபிலர் பாடிய பாரியின் பறம்புமலை, இன்றைய பிரான்மலை என்றுதான் கொள்ளப்படுகிறது. அது இருப்பது சிவகங்கை மாவட்டத்தில், சிங்கம்புணரிக்குப் பக்கத்தில். ஏறி நின்று சுற்றிலும் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் கண்மாய்ப் பாசனமும் வானம் பார்த்த காடும்தான். மலைத்தேனீ கூடு கட்டுவது பாறையில் என்றாலும் மதுரம் தேடிக் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். பாரியின் தேனில் அடிவாரத்துப் புளியும் வேம்பும் எவ்வளவு கலந்திருந்தன என்று யார் கண்டது?

சரி, இலக்கியத்தை விடுவோம். வெயில் தேனீயைக் கொல்லும் என்பதுதானே வழக்கு. அதை எடுத்துக்கொள்வோம்.

கூட்டுக்குள் முட்டையும் புழுவும் இருக்கிற அடைப்பகுதியை ஏறக்குறைய 34, 35 டிகிரி செல்சியஸில் வைத்துக்கொள்வது தேனீயின் வாழ்க்கை முறை. வெளியே பனி பெய்தால் உடம்பின் தசையை அதிரவைத்துச் சூடேற்றும். வெளியே அனல் அடித்தால் தண்ணீர் கொண்டுவந்து அறைகளின் விளிம்பில் துளித்துளியாகப் பரப்பி, வரிசையாக நின்று சிறகால் விசிறும். நீர் ஆவியாகக் கூடு குளிரும். 1950களில் மார்ட்டின் லிண்டாவர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இதை அதன் எல்லை வரை சோதித்துப் பார்த்தார். தெற்கு இத்தாலியில் எரிமலைக் குழம்பு உறைந்து கிடந்த கரும்பாறை வெளியில், நிழலே இல்லாத இடத்தில், ஒரு தேனீக் கூட்டை வைத்தார். வெளியே 60 டிகிரி ஏறியது. கூட்டுக்குள் 35. தண்ணீர் எடுக்கப் பறக்க அனுமதித்த வரையில் அந்த 35 அசையவில்லை. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர்களில் 40, 42 போவதைத்தான் ஈயைக் கொல்லும் வெயில் என்கிறோம்.

இதில் கவனிக்கவேண்டிய இன்னொன்று உண்டு. ஆவியாக்கிக் குளிர்விக்கிற வேலை ஈரக் காற்றில் நடப்பதைவிட வறண்ட காற்றில் சுலபமாக நடக்கும். சித்திரை மாதம் விருதுநகர் வீட்டு மண்பானைத் தண்ணீர் பல்லைக் கூசவைக்கிறது. அதே பானை சென்னைப் புழுக்கத்தில் பேருக்குத்தான் குளிர்கிறது. தேனீக்கும் அதே கணக்குதான். கடற்கரைப் புழுக்கமோ மழைக்காட்டு ஈரமோ கொடுக்காத ஒரு வசதியை வறண்ட பூமி அதற்குக் கொடுக்கிறது. அதற்கு அது கேட்கும் கூலி தண்ணீர் மட்டுமே. வலுவான கூட்டம் கடுங்கோடையில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் அளவுக்குக்கூடத் தண்ணீர் சுமக்கும்.

தேனீ வெப்பத்தை ஆயுதமாகவே பயன்படுத்துவதையும் சொல்லவேண்டும். ஜப்பானில் கூட்டைத் தாக்க வரும் ராட்சதக் குளவியை நூற்றுக்கணக்கான தேனீக்கள் பந்தாகச் சூழ்ந்து, உடம்பை அதிரவைத்துச் சூடேற்றிக் கொல்கின்றன. பந்துக்குள் வெப்பம் ஏறக்குறைய 47 டிகிரி போகிறது. குளவி 46-ஐத் தாண்டாது. தேனீ 48-க்கு மேலும் தாங்கும். இரண்டு டிகிரி இடைவெளியில் நடக்கும் கொலை இது. இதைச் செய்வது வேறு எதுவும் இல்லை, நம் பனைப் பொந்திலும் பாழுங்கிணற்றுச் சுவரிலும் அடை கட்டும் அடுக்குத் தேனீயின் இனம்தான். கிளை வேறு, அவ்வளவுதான்.

அப்புறம், கண் முன்னால் தெரிவதை ஏன் மறக்கிறோம்? கோடை மத்தியானத்தில் தெருக்குழாயின் அடியிலும் மாட்டுத் தொட்டியின் விளிம்பிலும் மொய்க்கிற ஈ எங்கிருந்து வந்தது? கரும்புச்சாறு வண்டிக்காரர் துணியால் ஓயாமல் விரட்டிக்கொண்டிருக்கிறாரே, அது எந்த மலையிலிருந்து இறங்கியது? பனையேறிகளைக் கேளுங்கள், கலயத்தில் விழுந்து செத்த ஈயை வடிகட்டாமல் பதநீர் இறக்கிய நாள் உண்டா என்று. வேலிக் கருவையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொம்புத் தேனீ அடை தொங்குவதை ஆடு மேய்க்கும் பையன்கள் எல்லாருக்கும் தெரியும். இந்த மண்ணில் தேனீ வாழாது என்பவர்கள், வாழ்ந்துகொண்டிருப்பவற்றுக்கு என்ன கணக்கு எழுதுகிறார்கள்?

"அது காட்டு ஈ. பெட்டியில் வைத்தால் ஓடிவிடுகிறதே" என்பார்கள். ஆம், ஓடுகிறது. நடந்ததை நடந்ததென்று ஒப்புக்கொள்வோம். காரணத்தில்தான் எனக்குச் சண்டை.

வழக்கமாக நடப்பதை எழுதிப் பார்க்கலாம். நிதியாண்டுக் கணக்கை முடிக்கிற அவசரத்தில் மார்ச் மாதம் ஒருவருக்கு மானியப் பெட்டி வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேம்பு பூத்திருக்கிறது, அடுத்துப் புங்கை பூக்கும். சித்திரையில் அடை கனக்கிறது. அவர் சந்தோஷமாகத் தேனை எடுக்கிறார். மேல் அறையில் இருப்பதை மட்டும் எடுத்தால் போதாதென்று புழு அறைச் சட்டங்களின் ஓரத்தில் ஈக்கள் தமக்கென்று வைத்ததையும் வழித்துவிடுகிறார். ஆனி பிறக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் காற்று புகுந்து அடிக்கிறது. கயத்தாற்றில் காற்றாலை சுற்றுகிற அந்தக் காற்றில் ஈ எப்படிப் பறக்கும்? பறந்தாலும் வெளியே கிடைப்பது கொஞ்சம். கையிருப்பும் இல்லை. புழுவுக்கு ஊட்ட மகரந்தம் குறைகிறது, ராணி முட்டையிடுவதை நிறுத்துகிறது, கூட்டம் மெலிகிறது. காவலற்ற அடைக்குள் மெழுகு அந்துப்பூச்சி புகுந்து நூலாம்படை கட்டுகிறது. ஒரு நாள் காலையில் பெட்டி காலி. பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துச் சொல்கிறார்: "நான்தான் சொன்னேனே அண்ணாச்சி, வெயிலுக்குத் தாங்காதுன்னு."

ஆடி மாசத்துக் காலிப் பெட்டிக்குச் சித்திரை வெயிலைக் குற்றம் சாட்டுவது என்ன நியாயம்? அந்தக் கூட்டம் பசியில் போனது. பட்டினி கிடந்தால் இடம் பெயர்வது அடுக்குத் தேனீயின் பிறவிக் குணம்; அதனால்தான் அது பஞ்சங்களைத் தாண்டிப் பிழைத்து வந்திருக்கிறது. மேற்கத்தியத் தேனீ பல சமயம் பெட்டியோடு கிடந்து சாகும். நம்முடையது விட்டுப் போகும். புத்திசாலித்தனத்தை நன்றிகெட்டதனம் என்று ஏசுவதில் பயன் இல்லை.

தென்மாவட்டங்களில் தேனீக்கு ஆண்டில் இரண்டு கெட்ட காலம். ஒன்று நான் சொன்ன ஆனி, ஆடிக் காற்று. இன்னொன்று இன்னும் ஆச்சரியமானது: ஐப்பசி, கார்த்திகை அடைமழை. நிலத்தைப் பச்சையாக்குகிற அந்த மாதங்களில் பூவின் மதுரம் கழுவிப்போகும், ஈ வெளியே வர முடியாது, பெட்டிக்குள் ஈரம் ஏறும். மழை நின்று தும்பை பூக்கும் வரை இருப்பை வைத்து ஓட்டவேண்டும். நாம் பயப்படுகிற பங்குனி, சித்திரையோ பூக்காலம். எந்த மாதம் பகை, எந்த மாதம் உறவு என்றே தலைகீழாகப் புரிந்துவைத்துக்கொண்டு தொழில் செய்தால் தொழில் எப்படி நிற்கும்?

இனி இரண்டாவது குற்றச்சாட்டு: வறண்ட நிலத்தில் பூ ஏது? இதைச் சொல்பவர்கள் பூ என்றால் தோட்டத்தை நினைத்துக்கொள்கிறார்கள். ஈ நினைப்பது மரத்தை. பயிர் மழையை நம்பிப் பூக்கும். ஆழ வேரோடிய மரம் மழை பொய்த்த ஆண்டிலும் ஓரளவு பூக்கும். கரிசலில் ஐப்பசியில் விதைத்த கொத்தமல்லி மார்கழியில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும்போது ஒரு தடவை அதன் ஓரமாக நடந்துபோய்க் காதைக் கொடுத்துக் கேட்கவேண்டும்; காடே முனகும். அதோடு சூரியகாந்தி, எள். மாசி, பங்குனியில் முருங்கை. அரவக்குறிச்சிப் பக்கமும் தூத்துக்குடித் தேரிப் பக்கமும் முருங்கை எப்படிப் பூத்துத் தள்ளும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறகு வேம்பு, புங்கை. பனையின் ஆண் பாளை மகரந்தத்துக்கு. வைகாசியிலிருந்து புளி. ஆவணி தொடங்கி வெள்வேலும் இலந்தையும். இடையிடையே, யார் திட்டினாலும் காதில் வாங்காமல், சீமைக்கருவேல்.

இலந்தையில் கொஞ்சம் நிற்கவேண்டும். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள் பெட்டியில் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவரும் சாமான்களில் 'சித்ர்' தேன் ஒன்று. உலகத்திலேயே விலை கூடிய தேன்களில் அது சேரும். ஏமனில் ஹத்ரமௌத் பகுதியின் தோஆன் பள்ளத்தாக்கில் கிடைப்பதற்குத்தான் மதிப்பு அதிகம். அந்த நிலம் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மொட்டைப் பாறைச் சுவர்களுக்கு நடுவே எப்போதாவது வெள்ளம் வந்து போகிற மணல் ஓடை. அங்கே பெய்யும் மழை நம் தூத்துக்குடி மழையில் ஒரு சிறு பங்கு. அந்த ஓடைக்கரையில் நிற்கும் சித்ர் மரம் வேறு எதுவும் இல்லை, நம் இலந்தையின் நெருங்கிய பங்காளி, ஒரே பேரினம். அங்கே தேனீ வளர்ப்பவர்கள் நீள உருளைக் கூடுகளை லாரியில் அடுக்கி, ராத்திரியோடு ராத்திரியாக எந்தப் பள்ளத்தாக்கில் பூ வந்திருக்கிறதோ அங்கே போய் இறக்குவார்கள். சித்ர் பூக்கும் சில வாரம்தான் அவர்களுக்கு ஆண்டு வருமானம். இங்கே நாம் இலந்தையை வரப்பில் முள் என்று வெட்டி வேலியில் போட்டுவிட்டு, அதன் பங்காளி மரத்துத் தேனை விமானத்தில் வரவழைத்து மருந்துபோல் கரண்டியில் அளக்கிறோம். பாலைவனத்துத் தேனுக்குப் பவுன் விலை கொடுத்துக்கொண்டே, வறண்ட நிலத்தில் தேன் வராது என்று நம்புவதற்குத் தனித் திறமை வேண்டும்.

ஏமனோடு முடியவில்லை. எகிப்தில் நைல் நதிக்கரையில், ஐந்தாம் வம்சத்து மன்னன் நியுசெர்ரேயின் சூரியக் கோயிலில், இன்றைக்கு 4,400 ஆண்டுகளுக்கு முன்பு செதுக்கிய தேனெடுப்புக் காட்சி இருக்கிறது. களிமண் குழாய்க் கூடுகள், புகை, குடத்தில் ஊற்றுதல் எல்லாமே அதில் உண்டு. மனிதன் தேனீயைக் கூட்டில் வைத்து வளர்த்ததற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று பாலைவன விளிம்பிலிருந்து வந்திருக்கிறது. யோர்தான் பள்ளத்தாக்கில் தெல் ரெஹோவ் என்ற இடத்தில் 2007-ல் தோண்டியபோது ஏறக்குறைய 3,000 ஆண்டுப் பழமையான தேனீப் பண்ணையே வெளிப்பட்டது. வைக்கோல் கலந்த களிமண் உருளைகள் வரிசை வரிசையாக அடுக்கிக் கிடந்தன. கோடையில் அங்கே அடிக்கிற வெயிலை ராமநாதபுரத்தோடு ஒப்பிட்டால் நமக்குத்தான் வெட்கம். இந்தக் காலத்துக்கு வந்தால், அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் டூசான் நகரில் அந்நாட்டு வேளாண் துறையின் தேனீ ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே பேர்போன தேன் 'மெஸ்கீட்' மரத்துடையது. மெஸ்கீட் யார்? நம் சீமைக்கருவேலின் கூடப்பிறந்தது. குஜராத்தின் கச்சுப் பகுதியில் கோலி சமூகத்தார் அந்தக் கருவேல் காடுகளில் கொம்புத் தேனீயின் அடையிலிருந்து தேனெடுக்க, மாநில வன வளர்ச்சிக் கழகம் அதைக் கொள்முதல் செய்கிறது.

சீமைக்கருவேலுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். கண்மாயை அடைத்து நிற்கும் அந்த முள்ளை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எடுத்த இடத்தில் என்ன வைக்கப்போகிறோம் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் பொக்லைனை மட்டும் அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. ஒரு ஊரின் தேனீக்கள் பாதி ஆண்டு அதன் பூவை நம்பி இருக்கும்போது ஒரே கோடையில் முழுக்கச் சுரண்டி எடுத்தால், அதற்குப் பிறகு ஓடுகிற கூட்டங்களுக்கும் வெயில்தான் பழி சுமக்கும். கண்மாய்க்கரையில் புங்கையும் வெள்வேலும் இலந்தையும் எழும்பி வருகிற வேகத்துக்குக் கருவேலை ஒதுக்கினால் இரண்டு வேலையும் நடக்கும்.

மூன்றாவது பேச்சு சற்று நுட்பமானது: "சமவெளித் தேன் தேனே இல்லை, சர்க்கரைப் பாகு. உறைந்துபோகிறது பாருங்கள்." இதைச் சொல்பவர்கள் மலைத்தேன் என்ற சீட்டு ஒட்டிய பாட்டிலுக்கு இரண்டு மடங்கு கொடுக்கத் தயாராக இருப்பார்கள். தேன் கெட்டியாக உறைவது அதிலுள்ள குளுக்கோஸ், பிரக்டோஸ் விகிதத்தைப் பொறுத்தது. குளுக்கோஸ் கூடினால் சீக்கிரம் உறையும். சூரியகாந்தித் தேன் எடுத்த சில வாரங்களில் உறைவதற்குக் காரணம் அதன் பூ. கலப்படக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் அவர்கள் உறையாத பாகாகப் பார்த்துத்தான் கலக்கிறார்கள். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சந்தையில் பெயர்பெற்ற 13 நிறுவனத் தேன்களைச் சோதித்தபோது அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் 10 தேறவில்லை. மலை, சமவெளி என்ற பேதம் அங்கே எங்கே வந்தது? ஆலைதான் வந்தது.

உண்மையில் தேனின் தரத்துக்கு முதல் அளவுகோல் ஈரப்பதம். பூவிலிருந்து எடுக்கும்போது மதுரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ஈ அதை வாயிலிருந்து வாய்க்கு மாற்றி, அறையில் பரப்பி, விசிறி விசிறி வற்றவைக்கிறது. 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் புளிக்காமல் நிற்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருக்கும் உச்சமும் அதே 20. பழைய அக்மார்க் தரப்பட்டியலில் 'ஸ்டாண்டர்ட்' தேனுக்கு 25 சதவீதம் வரை இடம் கொடுத்திருந்தார்கள். ஈரம் மிகுந்த இடங்களிலும் தேன் விளைகிறதே என்று கொடுத்த சலுகையாக இருக்கும் என்பது என் ஊகம். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஈ எவ்வளவு விசிறினாலும் ஓர் அளவுக்கு மேல் வற்றாது. அதனால் ரப்பர்ப் பகுதித் தேனை வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்கி வடிகட்டவேண்டியிருக்கிறது. அது அங்குள்ள தேனீ வளர்ப்பாளர்களின் குற்றம் இல்லை, வானத்தின் குணம். வறண்ட பூமியில் இந்த வேலையைக் காற்றே செய்துவிடும். மேல் அறை முக்கால்வாசி மெழுகு மூடி போட்ட பிறகு எடுத்த கரிசல் தேனை அடுப்பு காட்டாமலே பாட்டிலில் அடைக்கலாம். ரப்பர்த் தேனைப் பற்றி இன்னொரு செய்தி: அதில் பெரும்பகுதி பூவிலிருந்தே வருவதில்லை. ரப்பர் துளிர்க்கும்போது இலைக்காம்பில் இருக்கும் சுரப்பிகள் கசியவிடும் இனிப்பு அது. நல்ல தேன்தான், புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆனால் அதைக் காட்டி முருங்கைப் பூத்தேனைத் தேனில்லை என்று தள்ளுவது வேடிக்கை.

மார்த்தாண்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1920களில் ஸ்பென்சர் ஹாட்சின் கீழ் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராம மறுமலர்ச்சி மையத்தில் தொடங்கி, தமிழகத்துக்கே தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்த ஊர் அது. ஆனால் தமிழ் மண்ணில் தேனீக்களுக்கு வந்த பெரிய அழிவு எங்கே நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? 1991, 92-ல் தாய்லாந்து பைப்புழு வைரஸ் நோய் குமரி மாவட்டத்தையும் கேரளத்தையும் துடைத்துப் போட்டது. பெரும்பாலான பெட்டிகள் காலியாயின. பச்சையும் குளிர்ச்சியும் தண்ணீரும் பூவும் இருந்த இடம்தான் அது. வைரஸ் வந்ததற்கு மலைச்சாரலை யாரும் பழிக்கவில்லை. பெட்டிகள் நெருக்கமாக இருந்ததால் நோய் பரவியது என்று காரணத்தைத் தேடினார்கள். அந்த நேர்மையைக் கரிசலுக்கும் கொஞ்சம் காட்டலாம்.

வெயிலுக்கு ஒரு குற்றமும் இல்லை என்று நான் சாதிக்கவும் இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் லிண்டாவரின் கூடும் செத்திருக்கும். மத்தியான வெயில் நேரே விழும் இடத்தில் மெல்லிய பலகைப் பெட்டியை வைத்தால் புது அடை இளகிச் சரியும். தேனும் ஈயும் புழுவும் சேர்ந்து அடித்தட்டில் கிடப்பதைப் பார்த்தவர் மறுபடி பெட்டி வைக்கமாட்டார். எடுத்த தேனைத் தகரக் கொட்டகையில் கோடை முழுக்கப் போட்டுவைத்தால் அதில் எச்.எம்.எஃப். என்ற பொருள் ஏறும். உலகத் தரம் அதற்குக் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரம்பு வைத்து, வெப்பநாட்டுத் தேனுக்கு 80 வரை விட்டிருக்கிறது. அலட்சியமாக இருந்தால் அதையும் தாண்டும். எந்த ஈயும் எந்த வெயிலிலும் வாழும் என்பதும் பொய். சவூதியில் ஆண்டுதோறும் வெளிநாட்டு ஈக்கூட்டங்களை இறக்குமதி செய்கிறார்கள். கோடையைத் தாண்டுவதில் அவை உள்ளூர்ச் சிறு ஈக்கு ஈடாவதில்லை.

இந்தக் கடைசிச் செய்தி நமக்கும் பொருந்தும். தென்னிந்திய அடுக்குத் தேனீயில் கறுத்த மலை வகையும் மஞ்சள் சாயலுள்ள சமவெளி வகையும் உண்டு. முதுகுளத்தூருக்குக் கூட்டம் வேண்டுமென்றால் முதலில் முதுகுளத்தூர்க் கிணற்றுச் சுவரில்தான் தேடவேண்டும். மலையடிவாரத்திலிருந்து பெட்டியோடு வாங்கி, இருநூறு கிலோமீட்டர் வண்டியில் குலுக்கிக் கொண்டுவந்து, கட்டாந்தரையில் இறக்கிவிட்டுப் பரிசோதனை தோற்றது என்று எழுதுவது பரிசோதனையே இல்லை. புங்கை நிழலோ வேப்ப நிழலோ பார்த்து, மேலே தென்னங்கீற்று போட்டு, வாசலைக் கிழக்கே திருப்பி, தென்மேற்கில் காற்றுக்கு ஒரு தட்டி கட்டி, கூழாங்கல் போட்ட தண்ணீர்ச் சட்டியைப் பத்தடி தள்ளி வைப்பதற்கு என்ன செலவாகும்? இந்தச் செலவைச் செய்யாத இடங்களில் தோற்றதைத்தான் வறண்ட மண்ணின் தோல்வி என்று கணக்கு வைத்திருக்கிறோம்.

மத்திய அரசு 2020-ல் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் அறிவித்தது. காதி ஆணையம் அதற்கு முன்பிருந்தே பெட்டி கொடுத்துவருகிறது. பணம் வருவது நல்லதுதான். ஆனால் எத்தனை பெட்டி கொடுத்தோம் என்பதே சாதனை என்று ஆகிவிட்டால், அடுத்த தையில் எத்தனை பெட்டியில் ஈ இருந்தது என்று யார் போய் எண்ணுவார்கள்? காலிப் பெட்டியில் கோழி அடைகாக்கும் ஊர்களில் அடுத்த தலைமுறைக்கும் "வெயிலுக்குத் தாங்காது" என்ற பாடம் உறுதியாகும்.

கடைசியாகப் பணக் கேள்வி. அடுக்குத் தேனீப் பெட்டி ஒன்றில் சமவெளியில் ஆண்டுக்கு ஐந்து முதல் பத்துக் கிலோ வந்தால் நல்ல வரவு. மழை பொய்த்த ஆண்டில் கூட்டத்தைக் காப்பாற்றினால் போதும், தேனை மறந்துவிடவேண்டும். பத்துப் பெட்டி வைத்தால் லட்சாதிபதி என்று காணொளியில் பேசுகிறவர்களையும் வெயில் கொல்லும் என்கிறவர்களையும் நான் ஒரே பெஞ்சில்தான் உட்காரவைப்பேன். ஆனால் கணக்கைத் தேன் பாட்டிலோடு நிறுத்துவதும் தப்பு. சூரியகாந்தியில் ஈ போகாத பூத்தட்டின் நடுவில் சொத்தை விழும். மல்லியும் எள்ளும் முருங்கையும் ஈ வந்தால் காய்ப்பைக் கூட்டும். நெல்லுக்கும் வாழைக்கும் பூச்சிமருந்து பாய்கிற நஞ்சைப் பகுதியைவிட, கம்பும் சோளமும் மல்லியும் எள்ளும் விதைக்கிற மானாவாரிக் காட்டில் மருந்தடி குறைவு. பருத்தியையும் மிளகாயையும் விலக்கி வைத்தால் ஈக்கு அதைவிடப் பத்திரமான இடம் சமவெளியில் கிடைப்பது கஷ்டம்.

அதனால் பெட்டி கேட்டு மனுப் போடுகிறவரிடம் அதிகாரி முதலில் கேட்கவேண்டியது உங்கள் ஊரில் எத்தனை டிகிரி என்று இல்லை. உங்கள் காட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புளி எத்தனை, புங்கை எத்தனை, இலந்தை எத்தனை, ஆடியில் என்ன பூக்கும், கார்த்திகையில் சர்க்கரைப் பாகு வைக்கத் தோதுண்டா, பக்கத்தில் கோடையில் வற்றாத தண்ணீர் எங்கே என்றுதான். பதில் சரியாக இருந்தால் புரட்டாசிக்குள் பெட்டியைக் கொடுக்கட்டும், வெள்வேலும் இலந்தையும் பூத்து முடிவதற்குள். கூடவே, முதல் சித்திரையில் புழு அறைத் தேனில் கை வைக்கக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.